தொப்புள் துணி

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்து நாலாவது நடக்கிறது, இன்னும் பேர் வைக்கவில்லை. பேருக்குப் பஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். கங்கையம்மாள் தடுத்து வைத்திருந்தாள். பிள்ளையின் தாய் காந்திமதிக்கு நாத்தனார், புருஷன் சேட்டுவுக்கு மூத்தவள், அடுத்த தெருக்காரி, நல்ல வாய்க்காரி. தொப்புள் காயாத பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பத்து நாளில், மிஞ்சிப் போனால் பதினைந்து நாளில் எல்லாப் பிள்ளைக்கும் காய்கிற தொப்புள் இந்தப் பிள்ளைக்குக் காயவே மாட்டேன் என்றது. கொடி என்னவோ ஒழுங்காக விழுந்துவிட்டது. அது விழுந்த பள்ளம்தான் காலையில் பார்த்தாலும் ஈரம், மாலையில் பார்த்தாலும் ஈரம்.

காந்திமதிக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் பக்கத்தில், புங்கமரத்தடியில், இஸ்திரி வண்டி. சேட்டுவுக்குப் பெருங்களத்தூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடங்களில் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை. மரக்கிளையில் தூளியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, கரிப் பெட்டியை வீசி வீசிக் கனலைக் கிளப்பிக்கொண்டு அவள் வேலை செய்வாள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் தூளிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் சும்மா போவார்களா? ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"புண்ணு சீ புடிச்சிகினு கீது. வசம்பைச் சுட்டுத் தடவு, ரெண்டு நாள்ல காஞ்சிடும்" என்றாள் கங்கையம்மாள். தடவினாள். அப்புறம் தொப்புள் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துக் கட்டச் சொன்னாள். கட்டினாள். காசு பச்சை பூத்ததுதான் மிச்சம். தெருமுனை கிளினிக்கில் இருந்த டாக்டர் தலையைத் தூக்காமலே "இன்ஃபெக்ஷன்" என்று சொல்லி ஒரு பவுடரும் ஒரு சிரப்பும் எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த கம்பவுண்டர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்: தொப்புளில் கட்டுகிற துணியைக் கொதிக்கவைத்து, வெயிலில் போட்டு, சூடாக இஸ்திரி போட்டுக் கட்டினால் கிருமி அண்டாதாம். இஸ்திரிக்காரிக்கு இது ஒரு வேலையா? சேட்டுவின் பழைய வேட்டியை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து இரண்டு டஜன் துண்டு செய்தாள். நாளைக்கு எட்டு, பத்து துண்டு நனையும். நனைந்ததைத் துவைத்துக் கொதிக்கவைத்துக் காயப்போட்டு மடிப்பாள்.

நடுவில் ஒரு தரம் காய்ச்சல் வந்தது. தொப்புளைச் சுற்றிச் சிவந்து, பிள்ளை இரண்டு நாள் பால் குடிக்கவில்லை. சிரப்பில் அடங்கியது. அடங்கியதே தவிர, பிள்ளை பழையபடி தேறவில்லை. மற்றப் பிள்ளைகளெல்லாம் கன்னம் வைக்கிற வயதில் இவன் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. இன்னொரு காய்ச்சலை இந்த உடம்பு தாங்குமா என்று ராத்திரியில் எழுந்து எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

தொண்ணூற்றோராம் வருஷத்து ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டு மூன்று நாளாக விடவில்லை. வீட்டுக் கொடியில் போட்ட துணி கொடியிலேயே ஊறிக் கிடந்தது. வண்டியடியில் பிள்ளைக்குக் கட்ட ஒரு உலர்ந்த துண்டு இல்லை. காந்திமதி என்ன செய்தாள்? தொப்புளிலிருந்து அப்போதுதான் அவிழ்த்த ஈரத் துண்டை, துவைக்காமலே, வண்டிமேல் விரித்துச் சூட்டிலே காயவைத்து மறுபடி கட்டிவிடலாம் என்று பெட்டியை வைத்தாள். செய்யக் கூடாத காரியம்தான். அவளுக்கே வெட்கமாக இருந்தது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டி பட்டதும் சுர்ரென்று ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. காந்திமதி பெட்டியைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றாள்.

மூத்திரம்.

அவளுக்குத் தெரியாத நாற்றமா அது? ஊர் வீட்டுத் துணியெல்லாம் அவள் கையில்தான் வருகிறது. பாதி துவைத்த மெத்தை விரிப்பு, அவசரத்தில் அலசிய பாவாடை, எதை மறைத்துக் கொடுத்தாலும் பெட்டியின் சூடு பட்டவுடன் கறை தன் ஜாதகத்தைத் தானே சொல்லிவிடும். காபிக் கறை ஒரு மாதிரி வாடை, வியர்வை ஒரு மாதிரி, மூத்திரம் ஒரு மாதிரி. மூக்கைச் சுளித்துக்கொண்டு அவள் பிள்ளையைப் பார்த்தாள். துண்டு கட்டியிருந்தது தொப்புளில், வாடை அடிப்பதோ வேறு இடத்து வாடை.

"கீழ போனது மேல ஊறியிருக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனசு ஒப்பவில்லை. மறுநாள் ஒரு காரியம் செய்தாள். சேட்டுவுக்கு வேலையிடத்தில் பலகை ஆணி குத்தி, குதிகாலில் சீழ் கட்டியிருந்தது. அந்தக் கட்டுத் துணி ஒன்று. பிள்ளைக்குக் கீழே கட்டிய துணி ஒன்று. தொப்புளில் கட்டியது ஒன்று. மூன்றையும் வரிசையாக வண்டிமேல் போட்டுப் பெட்டியை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள். சேட்டுவின் துணி பழுப்பேறிக் கருகி, அப்பளம்போல விறைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் ஒன்றுபோல ஆவி விட்டன, ஒன்றுபோல நாறின. இன்னும் சந்தேகம் தீரவில்லை. மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. பிள்ளையை ஒரு துணியும் இல்லாமல் வண்டிமேல் உலர்ந்த விரிப்பில் கிடத்திவிட்டு, வந்த துணிகளை ஓரம் தள்ளிவிட்டு, கண் கொட்டாமல் உட்கார்ந்தாள். பிள்ளை பசித்து அழுதான். முக்கி முக்கி அழுதான். கீழே ஒரு சொட்டு இல்லை. தொப்புள் குழியில் தெளிந்த தண்ணீராக ஒரு முத்து எழும்பி, நிறைந்து, விலாப் பக்கம் வழிந்தது.

காந்திமதிக்குப் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியதாக இன்னொன்று இருந்தது: கண்டுபிடித்துவிட்டோம் என்ற வெறி.

கண்டுபிடித்தால் போதுமா? யார் நம்புவது?

"இன்னாடி சொல்றே நீ?" என்று கங்கையம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "தொப்புள்ல எந்தப் புள்ளயாச்சும் ஒண்ணுக்குப் போவுமா? நான் எத்தினி புள்ளயக் குளிப்பாட்டி வுட்டவ, எனக்கே கதை சொல்றியா?"

"கண்ணால பார்த்தேன் அண்ணி."

"ஆம்பளப் புள்ள. ஒண்ணுக்குப் போனா மேல தெறிக்கும். அது போய்த் தொப்புள்ல தேங்கும். இதுக்கு இத்தினி பேஜாரா?"

அதோடு விட்டாளா? தெருக்குழாயடியில் சொல்லிச் சிரித்தாள். இரண்டு நாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் காந்திமதிதான் பேச்சு. கிளினிக் டாக்டரும் அதையே சொன்னார். "தெறிச்சிருக்கும்மா. கட்டுறதை ஒழுங்கா கட்டு." சேட்டு மட்டும் சிரிக்கவில்லை. அவன் நம்பினான் என்று சொல்ல முடியாது, பொண்டாட்டியை எதிர்த்துப் பேசியும் அவனுக்குப் பழக்கமில்லை. "இன்னா செய்லாம்னு சொல்லு, செய்றேன்" என்றான். அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது.

செய்ய வேண்டியதைக் காய்ச்சலே முடிவு செய்தது. அடுத்த வாரம் பிள்ளையின் உடம்பு கொதித்தது. தொப்புளுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு வீங்கி, தொட்டால் வீரிட்டான். இந்த முறை காந்திமதி கிளினிக் வாசலை மிதிக்கவில்லை. தாம்பரத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அங்கே குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா வருவார், அபிதகுஜாம்பாள் என்று பேர். வெள்ளிக்கிழமை விடிந்ததும் சேட்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். காந்திமதி ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள். பையில் மூன்று துணி மடித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் அழியாத மசியில் சலவைக் குறி போட்டிருந்தாள்: ஒன்றுக்கு ஒரு புள்ளி, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று. எந்த வீட்டுத் துணி எது என்று மாறிப் போகாமல் இருக்க அவள் தினமும் செய்கிற வேலைதான்.

சீட்டு எழுதிய செல்வமேரி சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "குழந்தை பேரு?"

"இன்னும் வெக்கல சிஸ்டர்."

"நாலு மாசமாச்சு, பேர் வைக்கலையா? சரி, 'காந்திமதி குழந்தை'ன்னு போட்டுக்கறேன்."

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, அயர்ந்த கண். வீக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார், தொப்புளில் விளக்கடித்துப் பார்த்தார். "எத்தனை நாளா ஈரம்?"

"பொறந்ததுல இருந்தும்மா. அது சீ இல்லம்மா. மூத்திரம்."

டாக்டரம்மா புன்னகை செய்தார். கேலி இல்லை, களைப்பு. "பையன் இல்லையா, தெறிச்சிருக்கும்மா. தொப்புள்ல வருதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க."

இதற்குத்தான் காந்திமதி காத்திருந்தாள். பையை அவிழ்த்து மூன்று துணியையும் மேஜைமேல் வைத்தாள். "இதுல ஒண்ணு எங்க வூட்டுக்காரரு கால் புண்ணுல கட்டினது. ஒண்ணு புள்ளைக்குக் கீழ கட்டினது. ஒண்ணு தொப்புள்ல கட்டினது. எது எதுன்னு நான் சொல்லமாட்டேன். சூடு காட்டி நீங்களே மோந்து பாருங்கம்மா."

சேட்டுவுக்கு முகம் வெளுத்துப்போனது. டாக்டரைப் பார்த்து மூத்திரத் துணியை மோந்து பார் என்கிறாளே, வெளியே துரத்தப் போகிறார்கள் என்று அவன் பிள்ளையை மார்போடு இறுக்கினான். செல்வமேரி சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா துணிகளையும் காந்திமதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சும்மா சொல்லக் கூடாது, நாற்காலியிலிருந்து எழுந்தார்.

மூலையில் ஊசி கொதிக்கிற பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இடுக்கியால் முதல் துணியைப் பிடித்து ஆவியில் காட்டி முகர்ந்தார். இரண்டாவது. மூன்றாவது. மறுபடி முதலாவது.

"ஒரு புள்ளியும் ரெண்டு புள்ளியும் ஒண்ணு" என்றார். "மூணு புள்ளி வேற."

"மூணு புள்ளி அவரு கால்லது. ரெண்டு புள்ளி கீழ கட்டினது. ஒத்தப் புள்ளி தொப்புள்து" என்றாள் காந்திமதி. "புள்ளைய வெறும் உடம்பா போட்டும் பாத்துட்டேன். அழுதா தொப்புள்ல ஊறுது, கீழ ஒரு சொட்டு வரல."

டாக்டரம்மா திரும்பி உட்கார்ந்தார். அயர்ந்த கண் இப்போது பளிச்சென்று இருந்தது. "யாரு உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லம்மா. என் இஸ்திரிப் பொட்டிதான்."

ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒன்றை ஒரு மனுஷி எழுந்து நின்று, முகர்ந்து, ஆமாம் என்கிறாள். காந்திமதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று கேட்டாள்.

டாக்டரம்மா காகிதத்தில் வயிற்றை வரைந்து காட்டினார். பிள்ளை கருவில் இருக்கும்போது மூத்திரப்பையின் உச்சியிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு சின்னக் குழாய் இருக்கும். பிறப்பதற்குள் அது தூர்ந்துபோய் வெறும் நார் மாதிரி ஆகிவிட வேண்டும். "எல்லாருக்கும் இருக்கு, உனக்கும் எனக்கும் கூட. நமக்குத் தூர்ந்துடுச்சு, இவனுக்குத் தூராம நின்னுடுச்சு. அது வழியா மூத்திரம் கசியுது, அது வழியாவே கிருமியும் உள்ள போகுது. ரொம்ப அபூர்வம்மா. நானே மொத்தம் நாலு குழந்தைக்குத்தான் பார்த்திருக்கேன். அந்தக் குழாய்க்கு யூராக்கஸ்னு பேரு."

"நான் இன்னா தப்பு பண்ணேன்மா?" என்று காந்திமதி கேட்டாள். மூன்று மாதமாக உள்ளுக்குள் வைத்திருந்த கேள்வி. மாசமாக இருக்கும்போது கரிப் புகையில் நின்றோமே, கனத்த மூட்டை தூக்கினோமே என்று எத்தனை நினைத்திருப்பாள்.

"ஒண்ணும் பண்ணலை. யாரும் பண்ணுறதில்லை. அதுவா நடக்கறது."

அந்த வீக்கம் ஒரு சீழ்க்கட்டி. அதிலிருந்து அன்றைக்கே ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். முதலில் மருந்து ஏற்றிக் காய்ச்சலை அடக்கவேண்டும். அப்புறம் குழாய் உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்திருந்தால் எடுத்துவிட வேண்டும். "சில குழந்தைங்களுக்குத் தானாவே மூடிக்கும், காத்திருக்கலாம். இவனுக்கு ரெண்டு தரம் காய்ச்சல் வந்தாச்சு. மூணாவது தரம் உள்ளயே உடைஞ்சுதுன்னா காப்பாத்தறது கஷ்டம்" என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்.

பிள்ளையை வார்டில் சேர்த்தார்கள். சாயங்காலம் கங்கையம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். சேட்டு தான் கேட்டதைத் தனக்குப் புரிந்த மட்டில் அக்காளுக்கு ஒப்பித்தான். யூராக்கஸ் என்பது அவன் வாயில் நுழைந்து ராக்காஸ் ஆனது. கங்கையம்மாள் காதில் விழுந்தபோது அது ராக்காசி ஆகிவிட்டது. மறுநாளே ராஜகீழ்ப்பாக்கம் முழுக்கச் சேதி: "எந்தம்பி புள்ள வயித்துல ராக்காசி கீறாளாம். டாக்டரே சொல்லிகீறாங்க." படப்பையிலிருந்து மந்திரிக்கிற ஆள் ஒருவரை அவள் கூட்டிவர, ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் அவர் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு இருவரையும் உள்ளே விடவில்லை. காந்திமதிக்கு இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஆபரேஷன் என்றதும் கங்கையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பச்சப் புள்ளய அறுக்கறதுன்னா சும்மாவா? மூத்திரம்னு இவ சொல்றா, துணிய மோந்து பாத்து டாக்டரும் சொல்றாங்க. யாராச்சும் கண்ணால உள்ளாற பூந்து பாத்தாங்களா? எனக்குக் காட்டட்டும். அப்பறம் கையெழுத்து போடு" என்று தம்பியைப் பிடித்து நிறுத்தினாள். சேட்டு இரண்டு பொம்பளைகளுக்கு நடுவில் நின்று விழித்தான். ஒரு விதத்தில் கங்கையம்மாள் கேட்டது நியாயம்தான். டாக்டரம்மாவே அதைத்தான் சொன்னார்: பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன்.

பத்து நாளில் காய்ச்சல் ஓடியது, வீக்கம் வடிந்தது. பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளையைப் பரிசோதனை அறைக்குக் கொண்டுபோனார்கள். தாய் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். சேட்டுவும் கங்கையம்மாளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீல நீர். காந்திமதி அதைப் பார்த்ததும் கண்டுகொண்டாள், வெள்ளை வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம்தான் இது என்றாள். டாக்டரம்மா சிரித்தார். "கிட்டத்தட்ட அதுதான். இது மருந்து நீலம். மெல்லிசு டியூபால கீழ் வழியா மூத்திரப்பைக்குள்ள விடப்போறேன். மேல வழி இருந்தா மேல வரும். இல்லைன்னா வராது. அவ்வளவுதான்."

செல்வமேரி சிஸ்டர் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டார். காந்திமதி கையைப் பிடித்துக்கொண்டாள். டியூப் போனது, நீலம் மெல்ல மெல்ல ஏறியது. தொப்புளில் ஒரு வெள்ளைத் துண்டு, அவள் கையால் இஸ்திரி போட்டது. பிள்ளை முகத்தைச் சுளித்தான், உதட்டைப் பிதுக்கினான், வீரிட்டு அழுதான். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

வெள்ளையாகவே இருந்தது. அந்த அரை நிமிஷத்தில் காந்திமதி செத்துப் பிழைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டேனா? ஊர் சொன்னதுதான் சரியா? பிள்ளையை இத்தனை பேர் முன்னால் இந்தப் பாடு படுத்தினேனே என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, துண்டின் நடுவில் ஊசிமுனையளவு நீலம் தெரிந்தது. கடுகளவு ஆனது. பிள்ளை முக்கி ஒரு கத்துக் கத்தினான். நீலம் கால் ரூபாய் அகலத்துக்குப் பரவியது.

"நீலம் வந்துடுச்சு" என்றாள் காந்திமதி. முதலில் மெதுவாக. அப்புறம் ஆஸ்பத்திரி என்பதையே மறந்து, தொண்டை கிழிய, "நீலம் வந்துடுச்சு, நீலம் வந்துடுச்சு" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டது இந்த ஒரு வார்த்தைதான். பிள்ளைக்கு நீலம் வந்துவிட்டது என்றால் நம் ஜனங்களுக்கு என்ன அர்த்தம்? உதடு நீலம் பாரித்து, மூச்சு நின்று, எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். கங்கையம்மாள் மார்பில் அறைந்துகொண்டு "ஐயோ என் ராசா" என்று தரையில் விழுந்தாள். சேட்டு கதவை இரண்டு கையாலும் தட்டினான். பக்கத்து வார்டுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முன்னே பின்னே தெரியாத இரண்டு கிழவிகள் கங்கையம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூடவே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கதவைத் திறந்துகொண்டு காந்திமதி வந்தாள். ஒரு கையில் கத்திக்கொண்டிருந்த பிள்ளை, சிவந்த முகம், சிவந்த உதடு. இன்னொரு கையில் நடுவில் நீலம் பூத்த வெள்ளைத் துண்டு. முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்பும்.

"அண்ணி, பாத்தியா? கீழ ஊத்தின நீலம் மேல வந்துடுச்சு."

ஒப்பாரி பாதியில் நின்றது. கங்கையம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டை வாங்கி விரித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். பிள்ளையின் தொப்புளை விரலால் தொட்டாள், விரல் நீலமானது.

"அப்போ மூத்திரந்தானா?" என்றாள்.

"மூத்திரந்தான் அண்ணி."

கங்கையம்மாள் எழுந்து, புடவையை உதறிச் செருகிக்கொண்டு, தம்பியிடம் திரும்பினாள். "இன்னாடா நின்னுகினு கீறே? போய்க் கையெழுத்து போடு" என்றாள். அவளிடமிருந்து மன்னிப்பு என்று வருவது இந்த மாதிரிதான் வரும்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்ததில் கீழ் வழியில் அடைப்பு ஏதும் இல்லை, பழுது மேலே இருந்த அந்த ஒரு குழாயில் மட்டும்தான் என்று தெரிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. தொப்புளுக்குக் கீழே இரண்டு விரற்கடை கீறி, குழாயை முழுசாக, அது ஒட்டியிருந்த மூத்திரப்பை நுனியோடு சேர்த்து எடுத்து, பையைத் தைத்தார்கள். இரண்டு மணி நேரம். டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். சேட்டு கை கூப்பினான்.

"நல்லா முடிஞ்சுது. ஒரு பத்து நாள் டியூப் இருக்கும், தையல் ஆறட்டும். டியூபை எடுத்த பிறகு கீழதான் வரணும், மேல ஒரு சொட்டு வரக்கூடாது." பிறகு, கூட நின்ற இளம் டாக்டர்கள் நாலு பேரைப் பார்த்துச் சொன்னார்: "இந்த கேஸை நான் கண்டுபிடிக்கலை. இவங்க கண்டுபிடிச்சு, நிரூபிச்சு, எடுத்துக்கிட்டு வந்தாங்க. அம்மா சொல்றதைக் காதுல வாங்குங்க."

அந்த நாலு பேரும் திரும்பி இஸ்திரிக்காரியைப் பார்த்தார்கள். காந்திமதி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கரி படிந்த தன் நகங்களைப் பார்த்தாள். சந்தோஷம் தாங்கவில்லை.

டியூப் எடுத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் வண்டியைத் திறந்தாள். நாலு வாரமாகத் துணி தேங்கிக் கிடந்தது, வாடிக்கைக்காரர்கள் வரிசையாக வந்து விசாரித்தார்கள். அவள் ஒருவர் துணியையும் தொடவில்லை. முதலில், பிள்ளையின் தொப்புளில் ராத்திரி முழுக்க இருந்த துண்டை அவிழ்த்து விரித்தாள். தண்ணீர் தெளித்து, பெட்டியை நன்றாக வீசிச் சூடேற்றி வைத்தாள். சுர்ரென்று ஆவி எழுந்தது. குனிந்து முகர்ந்தாள். நன்றாக இழுத்து முகர்ந்தாள். பிறகு, எதிர்ச் சாரியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த கங்கையம்மாளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"மோந்து பாரு அண்ணி."

கங்கையம்மாள் மூக்கை நுழைத்தாள். "ஒண்ணும் இல்லியேடி. வெறும் துணி."

"அதான் அண்ணி."

இருவரும் அந்த வெறும் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வர்ற ஞாயித்துக்கெழம பேர் வெச்சிடலாம்" என்றாள் கங்கையம்மாள். சட்டம் போட்டவளே எடுத்துவிட்டாள். பேரையும் அவளே சொன்னாள், காந்திமதி எத்தனையோ பேர் யோசித்து வைத்திருந்தும் அதைக் கேட்டவுடன் வேறு எதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சின்னப் பந்தல். சிரித்தவர்கள், வைத்தியம் சொன்னவர்கள், ராக்காசியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து தின்றார்கள். செல்வமேரி சிஸ்டர்கூட வந்திருந்தார், ஆஸ்பத்திரிச் சீட்டில் 'காந்திமதி குழந்தை' என்பதை அடித்துத் திருத்த வேண்டும் என்று பேனாவோடு. புதுத் தூளியில் பிள்ளையைக் கிடத்தினார்கள். கன்னம் லேசாக உப்பத் தொடங்கியிருந்தது. அத்தைதான் முதலில் சொல்ல வேண்டும் என்று கங்கையம்மாள் முன்னால் வந்து குனிந்து, ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் பிள்ளையின் காதில் சொன்னாள்.

"நீலமேகம். நீலமேகம்."

மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது தூளியிலிருந்து சர்ரென்று மூத்திரம் கிளம்பி அவள் பட்டுப்புடவை முன்கொசுவத்தை நனைத்தது. கூட்டம் தூளிப் பக்கம் எட்டிப் பார்த்தது. கங்கையம்மாள் புடவையைத் துடைக்கவில்லை. பிள்ளையின் சட்டையைத் தூக்கி, தொப்புளை விரலால் தடவி, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நிமிர்ந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கீழதான்" என்றாள்.